மூணு தரம் தட்டுறவள்

எங்கள் வீட்டில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. கொஞ்சம் பொறுப்பேன். சின்ன வயதில் பொறுக்கத் தெரியாது. உம்மா குசினிக்குள் இருந்து கூப்பிடுவா. நான் "ஓம் உம்மா" என்று விழுந்தடித்துக்கொண்டு ஓடினால், அடுப்பைப் பார்த்தபடியே சொல்வா: "ஒன்னயில்ல."

வீட்டில் வேறு பெண்பிள்ளை கிடையாது. வாப்பா, உம்மா, நான், அவ்வளவுதான். வாப்பாவும் வேளாண்மைக் காலத்தில் சவளக்கடைப் பக்கம் வயல் வாடிக் குடிசையிலேயே கிடப்பார். அப்படியிருக்க யாரைத்தான் கூப்பிடுகிறா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமலே விளங்கிவிட்டது. எனக்கு வைத்திருப்பது எனக்கு முன் பிறந்த ராத்தாவின் பெயர். ராத்தா ஏழு வயதில், கடல் வந்த நாளில் போனவள். நான் பிறந்தது அதற்குப் பிறகு.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. சுனாமிக்குப் பிறகு எங்கள் கல்முனைக் கரையில் பிறந்த எத்தனையோ பிள்ளைகளுக்குப் போன பிள்ளைகளின் பெயர்தான். என் வகுப்பிலேயே அப்படி இருந்தார்கள். நாங்கள் அதைப் பற்றிப் பெரிதாகக் கதைத்துக்கொண்டதும் இல்லை. ஆனால் அவர்களுடைய வீடுகளில் ஜனாஸாவைக் கண்டு அடக்கியிருந்தார்கள், கபுறடியில் நின்று துஆ கேட்டிருந்தார்கள். எங்கள் ராத்தாவைக் கடல் திருப்பித் தரவேயில்லை. பள்ளிவாசலில் அவளுக்காக ஜனாஸாத் தொழுகை நடத்தலாம் என்று வாப்பா சொல்லிப் பார்த்தாராம். உம்மா அவரோடு ஒரு நோன்பிலிருந்து மறு நோன்பு வரைக்கும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லையாம். மௌத்து, இறப்பு என்ற சொல்லை ராத்தாவோடு சேர்த்து உம்மா சொல்லி நான் கேட்டதே கிடையாது. "கடற்கரைக்குப் போயிரிக்கா" என்றுதான் சொல்வா, ஏதோ காலையில் போன பிள்ளை பகல் சோற்றுக்கு வந்துவிடும் என்பது போல.

எங்கள் வீடு கடலிலிருந்து இரண்டாம் வரிசை. முன் வரிசை இப்போது வெறும் மணலும் தாழையும்தான், அங்கே கட்டக் கூடாது என்று கல் நட்டிருக்கிறார்கள். அதனால் எங்கள் பின் கதவைத் திறந்தால் நேரே கடல். ராத்தா அந்தக் கதவால்தான் போனாள், கடல் உள்ளே இழுத்ததும் சிப்பி பொறுக்க.

பொழுது பட்டு மஃரிப் ஆகிறது என்றால் எங்கள் ஊரில் ஒரு சத்தம் கேட்கும். தெரு நீளத்துக்குத் தாய்மார் பிள்ளைகளைக் கூப்பிடுகிற சத்தமும் கதவுகள் சாத்துகிற சத்தமும். அந்த நேரத்தில் பிள்ளைகள் வெளியே நிற்கக் கூடாது, கதவு திறந்திருக்கக் கூடாது. ஷைத்தான் திரிகிற நேரம். பால்குடிப் பிள்ளையைக் கூட உள்ளே எடுத்துவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து எங்கள் உம்மா பின் கதவை அகலத் திறந்து, கல் ஒன்றை முட்டுக் கொடுத்து வைப்பா. இரவு இஷாத் தொழுது முடியும் வரைக்கும் அது அப்படியே கிடக்கும். உப்புக் காற்று, மணல், இரத்தம் குடிக்கிற நுளம்பு எல்லாம் உள்ளே.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். "நுளம்புக்குக் கந்தூரி குடுக்கிறீங்களா உம்மா?" என்று ஒரு நாள் கத்தினேன். "ஊர் முழுக்கக் கதவு சாத்துற நேரத்துல நம்மட வீடு மட்டும் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கி. பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க?"

உம்மா சத்தம் போடவில்லை. என்னிடமே கேட்டா. "ஒரு வீட்டுக்குப் போனா எப்புடித் தட்டணும்?"

"மூணு தரம். ஸலாம் சொல்லித் தட்டணும்." இது எங்கள் பக்கத்தில் பேச்சு வரும்போதே பழக்குவது.

"மூணு தரத்துக்கும் பதில் வராட்டி?"

"திரும்பிப் போயிரணும். மனசுல வெச்சுக்கொள்ளப்படா."

"அவளுக்கும் நான் அதத்தானே பழக்கின" என்றா உம்மா. "நீ மாதிரி இல்ல அவ. சொன்னாச் சொன்னதுதான். நாலாம் தரம் தட்ட மாட்டா. நான் தொழுகையில நிண்டா, குளிப்பறையில நிண்டா... வந்து தட்டிப் பாத்திட்டு அவ திரும்பிப் போயிருவா மனே."

அதற்குப் பிறகு நான் கதவைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் பயந்தேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே பயந்தேன். மஃரிப் ஆனால் அந்தப் பின் வாசல் பக்கம் நான் தலை வைத்தும் படுப்பதில்லை. முன் அறையில் தொழுகைப் பாயை விரித்து, தொழுது முடிந்தும் எழும்பாமல் அங்கேயே இருப்பேன். ஏ.எல் படிக்கிற காலத்திலும் அப்படித்தான். புத்தகத்தோடு நான் தனியே இருப்பேன். உம்மா தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் சத்தமாப் படிங்க" என்று சொல்லிவிட்டுப் போவா. மயிர்க்கால் எல்லாம் எழும்பி நிற்கும். எழும்பினாலும் படித்தேன். எனக்கு அந்த வீட்டை விட்டுப் போக வேறு வழி தெரியவில்லை.

பரீட்சை முடிவு வந்தது. என் புள்ளிக்கு, கொழும்புப் பிள்ளையாக இருந்திருந்தால் வாசலில் கூட நிற்க விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் எங்கள் அம்பாறை மாவட்டத்துக்கு என்று ஒதுக்கிய இடங்கள் இருக்கின்றன அல்லவா, அதில் எனக்கு விழுந்தது. நில அளவைப் படிப்பு, மலைநாட்டுப் பக்கம் ஒரு கெம்பஸில். படிக்க ஒரு சதம் கட்ட வேண்டியதில்லை. இந்த மாவட்டத்துப் பிள்ளையாக இருந்தால் போதும், மிச்சத்தை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். வாப்பா வயலில் இருந்து சேற்றுக் காலோடு வந்து மஸ்கட் இனிப்பு வாங்கித் தெருவெல்லாம் கொடுத்தார். "காசு கட்டிப் படிக்கிறதெண்டா நம்மளால ஏலுமா? அல்ஹம்துலில்லாஹ்" என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். நான் மலைநாட்டுக்குக் கடல் எத்தனை தூரம் என்று தேசப்படத்தில் பார்த்தேன். நல்ல தூரம். எனக்கு அதுதான் மஸ்கட்டை விட இனித்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு நல்லது நடந்தால் பின்னாலேயே ஒரு பெட்டிசம் போகும். பேர் இல்லாத கடிதம். எனக்கும் போனது. யார் போட்டார்கள் என்று இன்று வரைக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள எனக்கு ஆசையும் இல்லை. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பிள்ளையின் ஆட்களாக இருக்கலாம். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: அந்த வீட்டில் அந்தப் பெயரில் இருந்த பிள்ளை சுனாமியில் மௌத்து. வெளி மாவட்டத்துப் பிள்ளை ஒன்று மௌத்தான பிள்ளையின் பெயரை எடுத்துக்கொண்டு நம்மட மாவட்டத்து இடத்தைப் பிடித்திருக்கிறது.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஆத்திரம் வந்தது. மஃரிப் நேரம் தொழுகைப் பாயில் இருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பொய்யை எழுதியவன் பாதியை உண்மையாக எழுதியிருக்கிறான். நான் மௌத்தான பிள்ளையின் பெயரைத்தானே வைத்திருக்கிறேன்.

அதை விசாரிக்கக் கிராம சேவகர் வந்தா. எங்கள் ஊரில் ஜீ.எஸ் என்போம். பழையவர் இடம் மாறிப்போய், அட்டாளைச்சேனைப் பக்கத்தால் ஒரு இளம் மிஸ் புதிதாக வந்திருந்தா. பின்னேரம் அஸர் தொழுத கையோடு வந்தா. உம்மா பிளேன்டீயும் கருப்பட்டியும் வைத்தா. வாப்பா வயலுக்குப் போகாமல் நின்றார்.

"படிச்ச பள்ளிக்கூடத்துல பிரச்சினை இல்ல, பிறப்புச் சாட்சியிலயும் பிரச்சினை இல்ல" என்றா மிஸ். "இவங்க இந்த வீட்டுலதான் இரிந்திரிக்காங்க எண்டு நான்தான் எழுதணும். அங்கதான் சிக்கல். எங்கட பதிவுல இந்த வீட்டுல இந்தப் பேருல ஒரு பொம்புளப் புள்ளதான் இரிக்கி. ஆனா பிறந்த வருஷம் இவங்கட இல்ல. மூத்தவங்கட."

எனக்குத் தலை சுற்றியது. பிறகுதான் விளங்கியது. ஒவ்வொரு வருஷமும் வாக்காளர் பதிவுக்கு வீட்டில் யார் யார் என்று கேட்டு வரும்போது உம்மா ராத்தாவையும் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறா. எனக்குப் பதினெட்டு வயதாகி என்னையும் சேர்த்த போது, ஒரே வீட்டில் ஒரே பெயர் இரண்டு தரம் இருக்கிறதே, பிழையாக்கும் என்று யாரோ ஒன்றை வெட்டிவிட்டார்கள். வெட்டியது என்னை.

"அப்ப நான் எங்க மிஸ் இரிக்கன்?" என்று கேட்டேன்.

மிஸ் நல்ல மனிசி. தலையைக் குனிந்துகொண்டா. "நீங்க இல்ல" என்றா மெதுவாக. "இந்தக் கிழமைக்குள்ள நான் உறுதிப்படுத்தி அனுப்பாட்டி, இடம் அடுத்த புள்ளைக்குப் போயிரும்."

அயலில் ஒருவரிடம் கேட்டுக்கொள்கிறேன் என்று பக்கத்து வீட்டு மாமியைக் கூப்பிட்டா. மாமி எங்களுக்கு உறவில்லை, ஆனால் என்னைத் தூக்கி வளர்த்தவ, எங்கள் மதிலில் ஒரு ஓட்டை வைத்து உம்மாவோடு நாள் முழுக்கக் கதைக்கிறவ. வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டா.

"இந்தப் புள்ளையா இஞ்ச இல்ல? ஆரு மிஸ் அப்புடிச் சொன்ன? நாசமாப் போவாங்க! நாள் தவறாம நான் காணுறனே. மஃரிபுக்குக் கோழி அடைக்க வருவன். அப்பெல்லாம் பின் வாசல்லதான் நிப்பா, கடலப் பாத்துக்கிட்டு."

நான் வாப்பாவைப் பார்த்தேன். வாப்பா சுவரைப் பார்த்தார். அந்த நேரத்தில் அந்த வாசலில் நான் என் வாழ்நாளில் நின்றதில்லை.

"இவங்கதானா?" என்று கேட்டா மிஸ்.

"வேற ஆரு? இந்த வீட்டுல வேற புள்ள ஏது? முகம் தெரியா, இருட்டுப்படுற நேரமெல்லா. கூப்பிட்டாலும் திரும்ப மாட்டா, கர்வக்காரி. இந்தா, இவ்வளவு ஒசரம்..." என்று கையைக் காட்டினா மாமி.

கை இடுப்பளவில் நின்றது.

நான் வாப்பாவின் உயரம். மிஸ்ஸை விட ஒரு சாண் கூட. மாமி தன் கையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. கையை இறக்கவும் தெரியாமல் வைத்திருக்கவும் தெரியாமல் நின்றா. "அல்லாஹ்வே" என்று சொல்லிவிட்டு மொட்டாக்கை இழுத்து வாயை மூடிக்கொண்டு போய்விட்டா. அந்த மதில் ஓட்டையை மறு நாளே செங்கல் வைத்து அடைத்தா.

பின் கதவு இன்னும் திறக்கவில்லை, ஆனால் கடல் இரைகிற சத்தம் கேட்டது. மிஸ் பேனையை எடுத்து மூடி வைத்தா.

"நான் இதெல்லாம் எழுதப் போறல்ல" என்றா. "எனக்கு ஒரே ஒரு சொல்லுத்தான் வேணும். மூத்தவங்க இப்ப இந்த வீட்டுல இரிக்காங்களா, இல்லயா? அத வாயால சொன்னாப் போதும். அவங்கட பேர எடுத்திட்டு இவங்களப் போடுவன். நாளைக்கே அனுப்புவன்."

"நான் சொல்லுறன் மிஸ்" என்று வாப்பா முன்னுக்கு வந்தார்.

"வீட்டுக்காரி அவங்கதானே" என்றா மிஸ். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. உம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு, வாப்பா வந்து குடியிருக்கிறவர். "அவங்க சொல்லணும்."

உம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. நான் உம்மாவின் வாயையே பார்த்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்று உள்ளுக்குள் நின்று கத்தினேன். ஒரு சொல். அதைச் சொன்னால் நான் போவேன். சொல்லாவிட்டால் இந்த வீட்டில், இந்தப் பெயரில், ஒன்னயில்ல ஒன்னயில்ல என்று கேட்டே கிழவியாவேன். உம்மாவுக்கு அது என்ன சொல் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கத்தினேன்.

பள்ளியில் பாங்கு சொல்லத் தொடங்கியது. மஃரிப். உம்மா கதவைத் திறக்கிற நேரம்.

பாங்கு முடியும் வரைக்கும் உம்மா அசையவில்லை. முடிந்ததும் மிஸ்ஸைப் பார்க்காமல், வாப்பாவைப் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சொன்னா.

"மூத்தவ மௌத்து. இந்த வீட்டுல இரிக்கிறது இவ."

பிறகு மௌத்துச் செய்திக்கு ஓதுகிற "இன்னா லில்லாஹி"யைத் தொடங்கி மிச்சத்தை உதட்டுக்குள்ளேயே ஓதிக்கொண்டு பின் கதவுப் பக்கம் போனா. கதவு சாத்தித்தான் இருந்தது, ஆனால் தாழ்ப்பாளைப் போடாமல் விட்டு வருஷக் கணக்கு. உப்புக் காற்றில் துருப்பிடித்து இறுகிவிட்டது. அம்மிக் குழவியை எடுத்து வந்து அடித்தா. ஒவ்வொரு அடிக்கும் வீடு அதிர்ந்தது. தாழ்ப்பாள் குழிக்குள் விழுந்து கதவு பூட்டிக்கொண்டது. வாப்பா விம்மி விம்மி அழுதார். மிஸ் பிளேன்டீயைக் குடிக்காமலே எழும்பி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனா.

அன்று இரவு வீட்டுக்குள் காற்று நின்றுவிட்டது. எனக்கு அது பழக்கமில்லை. மேசை மணிக்கூடு அடிக்கிற சத்தத்தை நான் அன்றுதான் முதலாவதாகக் கேட்டேன் போலிருந்தது. சோற்று நேரம் குசினிக்குள் இருந்து என் பெயரைச் சொல்லி உம்மா கூப்பிட்டா. நான் வழக்கம் போலப் பொறுத்தேன். உம்மா வாசலுக்கு வந்து நின்றா.

"ஒன்னத்தான்" என்றா.

எழும்பிப் போய் உம்மாவைக் கட்டிப் பிடித்தேன். சந்தோஷம்தான். சத்தியமாகச் சந்தோஷம்தான். ஆனால் உம்மாவின் உடம்பு மரக்கட்டை போலக் கிடந்தது. என் தோளுக்கு மேலால் அவ கதவையே பார்த்துக்கொண்டிருந்தா என்று எனக்குத் தெரியும், திரும்பிப் பார்க்காமலே தெரியும்.

நான் கெம்பஸுக்கு வந்தேன். இங்கே மலை, பனி, தேயிலை. கடல் இரைச்சல் கிடையாது. முதல் கிழமை அது இல்லாமல் நித்திரை வரவில்லை, பிறகு பழகிவிட்டது. கூட இருக்கிற பிள்ளைகள் என்னைச் செவிடு என்று பகிடி பண்ணுவார்கள். கூப்பிட்டதும் பதில் சொல்வதில்லையாம். வரவு எடுக்கும்போது விரிவுரையாளர் என் பெயரை இரண்டு தரம் வாசிக்க வேண்டியிருக்கிறது. நான் பொறுத்துத்தான் "ஓம்" என்கிறேன். எனக்கு முன் வேறு யாரும் சொல்கிறார்களா என்று முதலில் காது கொடுத்துப் பார்ப்பேன்.

உம்மாவோடு நாளுக்கு ஒரு தரம் போனில் கதைப்பேன். சாப்பிட்டியா, குளிரா, ஆர் கூடப் படுக்கிற, இவ்வளவுதான் கதை. கதவைப் பற்றி நான் கேட்டதில்லை. வாடைக் காற்று தொடங்கிய பிறகு ஒரு நாள் மஃரிப் தொழுது முடிந்த நேரம் உம்மாவே எடுத்தா. அந்த நேரத்தில் எடுக்க மாட்டா. வாப்பா வயலிலாம். குரல் சின்னதாக இருந்தது.

"ஒண்டுமில்ல மனே. சும்மாதான் எடுத்தன்." கொஞ்சம் பொறுத்து, "பின் கதவத் தட்டுது" என்றா.

"காத்து உம்மா. வாடை தொடங்கிட்டெல்லா."

"ஓம். நானும் அப்புடித்தான் நெனச்சன், நேத்து. நேத்தும் தட்டின. மூணு தரம். பொறகு சத்தமில்ல." உம்மா மூச்சு விடுவது கேட்டது. "காத்தெண்டா மூணோட நிக்குமா? விடிய விடிய அடிக்காதா?"

நான் எழும்பி அறையை விட்டு வெளியே வந்து நின்றேன்.

"நேத்து நான் தொறக்கல்ல" என்றா உம்மா. "மௌத்தெண்டு என்ட வாயாலயே சொல்லிட்டன். சொல்லிட்டு எந்த முகத்தோட தொறக்கிற? அவ திரும்பிப் போயிட்டா. இண்டைக்கும் வந்திரிக்கா."

அப்போது எனக்கே கேட்டது. போனுக்குள்ளால், பலகையில் விழுகிற சத்தம். ஒன்று.

அது காற்றாக இருக்கலாம். தாழைக் கொப்பாக இருக்கலாம். நான் நிலம் அளக்கப் படிக்கிற பிள்ளை, கண்டதை எல்லாம் நம்புகிறவள் இல்லை. அந்தக் கதவைச் சாத்தச் சொல்லி ஒரு காலத்தில் சண்டை பிடித்தவளும் நான்தான்.

இரண்டு.

"தொறங்க உம்மா" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "ரெண்டு தரம் ஆயிட்டு. உம்மா, கேக்கிதா? தொறங்க!"

போனை எங்கோ வைக்கிற சத்தம். குழவி தாழ்ப்பாளில் விழுகிற சத்தம், ஒரு அடி, இன்னொரு அடி. பிறகு ஒரேயடியாகக் கடல், காது நிறையக் கடல்.

அதற்குள்ளால் உம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா. நான் பதில் சொல்லாமல் நின்றேன்.